கணையப் புற்றுநோய்: ஸ்கேன் தெளிவாக வந்த பிறகு – வாசகர் கேள்வி பதில்

மாட்டுங்காவிலிருந்து கல்யாண் வரை மும்பை வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. “ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். இனி என்ன செய்வது?” கணையப் புற்றுநோயில் இந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் உண்டு. அதனால் கடிதங்களில் இருந்த விவரத்தை வைத்தே பதில் எழுதியிருக்கிறோம். மருந்தின் அளவை மாற்றுவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

அப்பாவுக்கு 62 வயது. கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. விப்பிள் ஆபரேஷன் (கணையத்தின் தலைப்பகுதியையும் அதை ஒட்டிய குடல், பித்தக்குழாய்ப் பகுதியையும் எடுப்பது) முடிந்து, ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டுக் கீமோ 12 சுற்றும் முடித்துவிட்டார். ஸ்கேன் சுத்தம், இந்த நோயைக் கண்காணிக்கப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான சி.ஏ. 19-9 அளவு 24. “இனி மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள்” என்கிறார் டாக்டர். சும்மா இருக்கப் பயமாக இருக்கிறது. மாத்திரையோ ரேடியேஷனோ கேட்டு வாங்கலாமா? (முலுண்ட்)

டாக்டர் சொல்வதுதான் சரி. ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று 24 வாரத்தில் 12 சுற்று. இதுதான் முழுச் சிகிச்சை. 2018இல் வெளிவந்த பிரெஞ்சு–கனடா ஆய்வில் இந்தக் கூட்டுக் கீமோவைப் பெற்றவர்களில் பாதிப்பேர் 54 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். ஜெம்சைட்டபின் என்ற ஒரே கீமோ மருந்தை மட்டும் பெற்றவர்களுக்கு அது 35 மாதமாக இருந்தது. அந்த ஆய்வில் 12 சுற்றோடு மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பலன் நிறுத்தியவர்களுக்குக் கிடைத்த பலன். அதற்கு மேலும் கீமோ கொடுத்தால் ஆயுள் கூடும் என்று காட்டிய சான்று இல்லை.

கேடு மட்டும் கண்கூடாகத் தெரியும். ஃபோல்ஃபிரினாக்ஸில் இருக்கும் ஆக்சாலிபிளாட்டின் உடம்பில் சேரச் சேர நரம்பைத் தாக்கும். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதத்துக்கு விரல் மரத்துப்போவது கூடலாம். அப்பாவுக்கு அப்படி ஆனால் நோய் திரும்பிவிட்டது என்று பதறாதீர்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடட்டும். குளிக்கிற வெந்நீரின் சூட்டை வேறொருவர் பார்க்கட்டும். எரிச்சலும் வலியும் இருந்தால் டுலாக்செட்டின் மாத்திரை உதவும். மரத்துப்போன உணர்வுக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

ரேடியேஷன் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. வெட்டி எடுத்த பகுதியின் ஓரத்தில் புற்றுச் செல் இருந்ததா, எத்தனை நிணநீர்க் கணுக்களைப் பார்த்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது என்பதெல்லாம் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கும். ஓரம் சுத்தமில்லை என்றால் ரேடியேஷன் பற்றிக் கேட்பதில் நியாயம் உண்டு. சுத்தம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

இந்த நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் திரும்பும். அதனால்தான் அதுவரை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறையும் பரிசோதனை. இதற்கிடையே சாப்பாடு, எடை, சுகர் மூன்றையும் கவனியுங்கள். நோய் திரும்பினால் எந்தச் சிகிச்சையைத் தாங்க முடியும் என்பதை அன்றைக்கு இருக்கிற உடல் பலம்தான் தீர்மானிக்கும். இப்போது தேற்றி வைக்கிற ஒவ்வொரு கிலோவும் அதற்கான சேமிப்பு.

அண்ணிக்கு 54 வயது. நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்ததால் ஆபரேஷன் முடியாது என்றார்கள். 8 சுற்று ஃபோல்ஃபிரினாக்ஸுக்குப் பிறகு கல்லீரலில் புள்ளியே தெரியவில்லை. தொடரலாம், மருந்தைக் குறைக்கலாம், நிறுத்தியும் பார்க்கலாம் என்று மூன்று வழி சொல்லி, முடிவை எங்களிடமே விட்டுவிட்டார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது? (சயான் கோலிவாடா)

மேலே சொன்ன முலுண்ட் அப்பாவின் நிலை வேறு, அண்ணியின் நிலை வேறு. அங்கே கட்டியை வெட்டி எடுத்துவிட்டார்கள். இங்கே மருந்து அதை ஸ்கேன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கியிருக்கிறது. செல்கள் உள்ளே இருக்கின்றன என்றே வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். நோயை எவ்வளவு காலம் அடக்கி வைக்கலாம், அந்தக் காலத்தில் அவர் எப்படி நடமாடுவார் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு பரிசோதனை: பிறவியிலேயே வந்த பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. கணையப் புற்றுநோய் உள்ள 100 பேரில் 5 முதல் 7 பேருக்கு இது இருக்கும். குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லாவிட்டாலும் செய்துகொள்ள வேண்டும். இருந்தால் ஓலாபாரிப் மாத்திரை ஒரு வழி. 300 மில்லிகிராம், காலையும் இரவும். பிளாட்டினம் வகைக் கீமோ (ஆக்சாலிபிளாட்டின் போன்றது) குறைந்தது 16 வாரம் கொடுத்தும் நோய் வளராமல் இருந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். அண்ணியின் 8 சுற்றும் சரியாக 16 வாரம். 2019இல் வந்த அந்த ஆய்வில் நோய் அடங்கியிருந்த காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமாகக் கூடியது. மொத்த ஆயுள் கூடவில்லை. இந்த இரண்டாவது செய்தியையும் டாக்டர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். விலை கூடிய மருந்து, ரத்தசோகையும் களைப்பும் வரும். ஊசியும் டிரிப்பும் இல்லாமல் வீட்டிலேயே இருக்கலாம் என்பது அதன் உண்மையான லாபம்.

அந்த மரபணு மாற்றம் இல்லையென்றால், ஃபோல்ஃபிரினாக்ஸ் கூட்டில் இருக்கும் ஆக்சாலிபிளாட்டினையும் இரினோடெக்கனையும் விட்டுவிட்டு 5-எஃப்.யு. வகை மருந்தை மட்டும் தொடர்வது நடைமுறையில் இருக்கிற நல்ல வழி. 8 சுற்றோடு இப்படிக் குறைத்தவர்களையும் 12 சுற்று முழுசாகப் பெற்றவர்களையும் பிரான்ஸில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவின்படி ஆயுள் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 10, 11 மாதம். ஆனால் குறைத்தவர்களுக்கு நோய் வளர்ந்தபோது ஆக்சாலிபிளாட்டினை மறுபடி கொடுத்ததால், மொத்தத்தில் நரம்புப் பாதிப்பு குறையவில்லை. “நோய் வளர்ந்தால் ஆக்சாலிபிளாட்டினுக்கே திரும்புவீர்களா, வேறு மருந்துக்கு மாறுவீர்களா?” என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

அண்ணியால் சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எந்த வழியைத் தேர்ந்தாலும் ஆக்சாலிபிளாட்டின் நிற்க வேண்டும். நோயாளிகள் டாக்டரிடம் “பரவாயில்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் பார்ப்பவர்தான் இதைச் சொல்ல வேண்டும்.

முழுசாக நிறுத்துவதும் தவறில்லை. எடை மிகவும் குறைந்திருந்தாலோ, மகளின் கல்யாணம் போன்ற ஒரு காரணம் இருந்தாலோ, 8 வாரம் கழித்து ஸ்கேன் என்று தேதி குறித்துக்கொண்டு நிறுத்தலாம். தேதி இல்லாமல் நிறுத்தக் கூடாது. கல்லீரல் சுத்தமாகிவிட்டதே, இப்போது ஆபரேஷன் செய்யலாமா என்ற ஆசை எல்லோருக்கும் வரும். இது வழக்கமான சிகிச்சை இல்லை. சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியாலஜி டாக்டர் எல்லோரும் உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் வைத்து முடிவு செய்ய வேண்டியது. இரண்டாவது கருத்து வேண்டுமானால் பரேல் டாடா நினைவு மருத்துவமனைக்கு நேரில் போகலாம். அங்குள்ள நிபுணர்களின் கருத்தை நவ்யா என்ற இணையச் சேவை வழியாக ஆன்லைனிலும் வாங்கலாம்.

சி.ஏ. 19-9 சென்ற முறை 22, இந்த முறை 61. ஸ்கேன் நன்றாக இருக்கிறது. நோய் வந்துவிட்டதா? (மாட்டுங்கா)

ஒரே ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. 37 வரை இயல்பு என்பது கணக்கு. பித்தநீர் அடைப்பு, பித்தக்குழாயில் கிருமித் தொற்று, கணைய அழற்சி, கட்டுக்கடங்காத சுகர் எல்லாமே அதை ஏற்றும். பித்த அடைப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான பிலிருபினும் அல்கலைன் பாஸ்ஃபடேஸும் பார்த்துவிட்டு, 4 முதல் 6 வாரத்தில் அதே லேபில் மறுபடி எடுங்கள். லேப் மாறினால் முறை மாறும், எண்ணும் மாறும். மூன்று முறையும் ஏறிக்கொண்டே போனால் அடுத்த ஸ்கேனை முன்கூட்டியே எடுப்பார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லாமல் எண்ணை மட்டும் நம்பிக் கீமோ தொடங்கினால் ஆயுள் கூடும் என்பதற்குச் சான்று இல்லை.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. 100 பேரில் 5 முதல் 10 பேரின் உடம்பில் இந்தப் பொருள் சுரக்கவே சுரக்காது. நோய் கண்டபோதே எண் இயல்பாக இருந்தவர்கள் இந்த டெஸ்டை நம்பி நிம்மதியாக இருக்க வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம். மாமா எது சாப்பிட்டாலும் உடனே கக்கூஸுக்கு ஓடுகிறார். எண்ணெய் மிதக்கிறது, நாற்றம் தாங்கவில்லை. 64 கிலோ இருந்தவர் இப்போது 55. கிரியான் 10000 (கணைய என்சைம் கேப்ஸ்யூல்) தினம் ஒன்று சாப்பாட்டுக்குப் பின் போடுகிறார். எண்ணெய், தேங்காய் எல்லாம் நிறுத்திவிட்டோம். (தாராவி)

இந்தக் கடிதம்தான் எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது. இது சரிசெய்யக்கூடிய கஷ்டம்.

கணையம் சுரக்கிற லைபேஸ் என்ற என்சைம் இல்லாமல் கொழுப்பு ஜீரணமாகாது. சாப்பாட்டில் இருக்கிற சத்து மலத்தோடு போய்விடுகிறது. அதை ஈடுகட்டப் பெரிய சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸும், டிபன், பால், பிஸ்கட் போன்றவற்றுக்கு 20,000 முதல் 25,000 யூனிட்டும் தொடக்க அளவு. மாமா தினத்துக்கு மொத்தமே 10,000தான் எடுக்கிறார். 25000 வகையாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு கேப்ஸ்யூல், மாலைக் காபிக்கும் வடைக்கும் ஒன்று. 10000 வகை என்றால் சாப்பாட்டுக்கு நாலு அல்லது ஐந்து. டாக்டரிடம் இந்தக் கணக்கைக் காட்டிச் சீட்டு மாற்றி வாங்குங்கள்.

எப்போது போடுகிறோம் என்பதும் அளவைப் போலவே முக்கியம். முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால் சாப்பாடு முன்னே போய்விடும், மருந்து பின்னே போகும். கடிக்கக் கூடாது, சூடான ரசத்தோடோ டீயோடோ விழுங்கக் கூடாது. சாதாரணத் தண்ணீர் போதும். விழுங்க முடியாதவர்கள் கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளை ஆறிய ஆப்பிள் மசியலில் கலந்து உடனே விழுங்கலாம், மெல்லக் கூடாது. பாலில் கலந்தால் மேல்பூச்சு கரைந்து மருந்து வயிற்று அமிலத்தில் வீணாகும். பெட்டியில் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருந்தால், தகரக் கூரை வீட்டில் மே மாதம் அது நடக்காத காரியம். மண்பானைக்குப் பக்கத்தில், ஈரம் படாத மூடிய டப்பாவில், வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டுவார்கள், அல்லது பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை சேர்ப்பார்கள். அதிலும் அடங்காவிட்டால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எண்ணெயையும் தேங்காயையும் நிறுத்தியது தவறான வழி. எடை குறைகிறவருக்குக் கொழுப்பு வேண்டும், அதை ஜீரணிக்க மருந்தும் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுங்கள். புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம், மாமாவுக்கு 66 முதல் 82 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராமுக்கு மேல், 100 கிராம் மீனில் சுமார் 20. காலையில் இரண்டு முட்டை, மதியம் மீன், இடையில் சுண்டல், இரவில் பருப்பு, படுக்கும்போது பால் என்று வைத்தால் எட்டிவிடலாம். வைட்டமின் டி, பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அத்திம்பேருக்கும் இதே கேப்ஸ்யூல். பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். சைவத்தில் மாற்று உண்டா? (செம்பூர்)

டாக்டர்கள் எழுதித் தரும் பான்கிரியாட்டின் (கிரியான் போன்ற கணைய என்சைம்) பன்றிக் கணையத்திலிருந்து வருவதுதான். மெடிக்கலில் கிடைக்கும் பூஞ்சை என்சைம் சிரப்பும் மாத்திரையும் சாதாரண அஜீரணத்துக்கானவை. கணையம் இழந்தவருக்கு அவை ஈடாகா. இது உயிர் தாங்கும் மருந்து என்பதை அவரிடம் மறைக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரோடு பேசவும் விடுங்கள். கடைசி முடிவு அவருடையது. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்காதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சுகர் ஒரு நாள் 280, மறுநாள் 60. சாதாரண சுகர்க்காரர்கள் மாதிரி பத்தியம் இருக்கிறேன். (தாணே)

சாதாரணச் சுகர் இல்லை உங்களுக்கு. கணையத்தை வெட்டும்போது இன்சுலின் மட்டும் குறைவதில்லை, சுகர் இறங்கும்போது தூக்கிவிடும் குளுக்ககானும் குறைகிறது. அதனால் சட்டென்று இறங்கும். 70க்குக் கீழே வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். வாந்தியும் பேதியும் உள்ள நாளில் இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். சோற்றை அடியோடு விடாதீர்கள், எடை போய்விடும். என்சைம் அளவு மாறினால் உணவு உடம்பில் சேர்வதும் மாறும், சுகரும் மாறும். அந்த வாரம் அடிக்கடி சோதியுங்கள். நன்றாக இருந்த சுகர் காரணமில்லாமல் ஏறி, எடையும் குறைந்தால் சுகர் டாக்டரோடு நிற்காமல் கேன்சர் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

குளிர் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாமா? (வாஷி)

கூடாது. கீமோ நடக்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே ராத்திரியானாலும் கேஷுவாலிட்டிதான். கீமோ முடிந்திருந்தாலும், விப்பிள் செய்தவருக்கோ பித்தக்குழாயில் ஸ்டென்ட் உள்ளவருக்கோ நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பித்தக்குழாய்த் தொற்றாக இருக்கலாம். பிளாஸ்டிக் ஸ்டென்ட் மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும், மாற்றும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். மண்ணீரலை எடுத்தவர்களுக்குக் காய்ச்சல் இன்னும் ஆபத்து. நியூமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

சீந்தில் கஷாயம், மஞ்சள் மாத்திரை குடித்தால் திரும்ப வராது என்கிறார்கள். (அந்தேரி)

சமையலில் போடும் மஞ்சளில் தவறில்லை. மாத்திரையாகவும் கஷாயமாகவும் வேண்டாம். சீந்தில் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். மஞ்சள் மாத்திரைக்கும் அப்படிப்பட்ட கேடு உண்டு. பிலிருபின் ஏறினால் இரினோடெக்கனைக் கொடுக்க முடியாது. இருக்கிற ஒரு நல்ல மருந்தைக் கஷாயத்துக்காக இழக்கக் கூடாது.

ஒன்றரை வருஷம் கழித்து நுரையீரலில் திரும்பியிருக்கிறது. முன்பு ஃபோல்ஃபிரினாக்ஸ் முடித்தவர். இனி என்ன வழி? புது மருந்து ஆராய்ச்சியில் சேரலாமா? (டோம்பிவிலி)

ஆறு மாதம் என்பது ஒரு கணக்கு. முந்தைய கீமோ முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதே மருந்து மறுபடி வேலை செய்ய வாய்ப்புண்டு. அதற்குள் திரும்பினால் ஜெம்சைட்டபினும் நாப்-பாக்லிடாக்சலும் சேர்ந்த முறைக்கு மாறுவார்கள். விரல் மரப்பு மிச்சமிருந்தால் பாக்லிடாக்சலும் அதைக் கூட்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நுரையீரலில் மட்டும் திரும்பியவர்கள், கல்லீரலில் திரும்பியவர்களைவிடப் பொதுவாக நீண்ட காலம் வாழ்கிறார்கள். ஒன்றிரண்டு புள்ளிதான் என்றால் வெட்டி எடுக்கவோ குறிவைத்த ரேடியேஷனுக்கோ இடம் உண்டா என்று கேளுங்கள்.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில், வெட்டி எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். எழுதிக் கொடுத்து வாங்குங்கள். அதில் கே.ராஸ், எம்.எஸ்.ஐ. என்ற மரபணு மாற்றங்களைப் பார்க்கும் சோதனை செய்யலாம். கே.ராஸ் மாற்றம் 10இல் 9 பேருக்கு உண்டு, அதைக் குறிவைக்கும் மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. எம்.எஸ்.ஐ. 100இல் ஒருவருக்குத்தான் இருக்கும், அவருக்கு இம்யூனோதெரபி பலன் தரலாம். அது இல்லாதவருக்கு இம்யூனோதெரபி பணத்தைத்தான் கரைக்கும். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கும். ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் சேராதீர்கள்.

எனக்கு 71 வயது. நோய் திரும்பிவிட்டது. இன்னொரு கீமோ வேண்டாம் என்கிறேன். பிள்ளைகள் கோபப்படுகிறார்கள். (போரிவிலி)

அம்மா, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. இரண்டாவது கட்டக் கீமோவால் கிடைக்கும் காலம் பெரும்பாலும் மாதக் கணக்குதான். அந்த எண்ணை டாக்டரே உங்கள் எதிரில் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். கோபம் பாதி அடங்கும்.

கீமோ வேண்டாம் என்றால் வைத்தியமே வேண்டாம் என்று ஆகாது. முதுகுக்குப் பாயும் வலிக்கு, வயிற்றின் பின்புற நரம்பு முடிச்சில் ஆல்கஹால் ஊசி போட்டு வலியைத் தணிக்கலாம். மார்ஃபின் மாத்திரை வலிக்கேற்ற அளவில் எடுத்தால் அடிமையாக்கிவிடாது, மலச்சிக்கல் மருந்தை மட்டும் முதல் நாளிலிருந்தே கூடவே போட வேண்டும். என்சைமையும் நிறுத்தாதீர்கள், வயிற்று உப்புசம் குறையும். டாடா நினைவு மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வீட்டில் முடியாத கட்டம் வந்தால் பாந்த்ராவில் 1986இல் தொடங்கிய சாந்தி ஆவேத்னா சதன் என்ற பராமரிப்பு இல்லம் இருக்கிறது. இந்தப் பிரிவுகளுக்குக் கடைசி வாரத்தில் போகாமல் இப்போதே போங்கள்.

கீமோ முடிந்த கையோடு திருநெல்வேலிக்கு ரயிலில் போய்வரலாமா? (தாராவி)

போகலாம். போர்ட் (கீமோ ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் கருவி) இருந்தால் கிளம்புமுன் ஆஸ்பத்திரியில் ஃப்ளஷ் செய்து, அதாவது அடைக்காமல் கழுவிக்கொள்ளுங்கள். என்சைமும் இன்சுலினும் கைப்பையில், ஜன்னல் வெயில் படாமல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஸ்கேன் ரிப்போர்ட் நகல்கள் உடன் வரும் ஒருவரிடம் இருக்கட்டும். சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் பயணத்துக்கு ரயில்வே சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும், உடன் வருபவருக்கு 75 சதவீதமும் தள்ளுபடி. படிவத்தில் டாக்டரின் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் வேண்டும். மும்பை லோக்கலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம்.